இரண்டரை நொடிப் பயணம்

நுழையும்முன்

வானை அண்ணாந்து பார்த்து வியக்காத மாந்தர் இல்லை. வியப்போடு நில்லாமல், அவ்வானில் ஏறும் ஊர்தியைத் தம் கைகளாலேயே செய்து பார்க்கத் துணிந்தவர் மிகச் சிலர். ஆய்வு நிறுவனங்களும் ஏவுதளங்களும் தோன்றாத காலத்தில், ஒரு பண்ணைத் தோட்டத்தை ஏவுதளமாகவும் மனைவியையும் நண்பர்களையும் குழுவினராகவும் கொண்டு ஏவூர்தி செய்த இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கை இது. ஏளனத்துக்கு அவர் சொல்லால் விடை கூறவில்லை, சோதனையால் கூறினார்.

செர்ரி மரத்தின் மேல்

இராபர்ட் ஹட்சிங்ஸ் கோடார்டு 1882ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். இளமையில் அடுத்தடுத்து வந்த நோய்களால் அவருடைய பள்ளிப்படிப்பு ஈராண்டு பின்தங்கியது. வீட்டில் அடைந்து கிடந்த அந்நாள்களில் நூல்களே அவருக்குத் துணையாயின. செவ்வாய்க்கோளிலிருந்து உயிரினங்கள் புவியின்மீது படையெடுப்பதாக எச்.ஜி. வெல்ஸ் எழுதிய புதினம் அவரை ஆட்கொண்டது. பதினாறு வயதில் அலுமினியத் தகட்டால் வான்கூண்டு ஒன்றைச் செய்து பறக்கவிட முயன்றார், அது எழும்பவில்லை. அவருடைய முதல் பாடமே தோல்வியில் தொடங்கியது.

1899ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று, வீட்டின் பின்புறம் நின்ற செர்ரி மரத்தின் காய்ந்த கிளைகளை வெட்டுவதற்காக அவர் அதன்மேல் ஏறினார். கீழே பரந்து கிடந்த வயல்வெளியை நோக்கியபோது, செவ்வாய்வரை செல்லும் ஊர்தி ஒன்றைச் செய்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் தோன்றியது. மரத்தில் ஏறிய சிறுவன் வேறு, இறங்கிய சிறுவன் வேறு என்று பின்னாளில் அவரே கருதினார். வாழ்நாள் முழுவதும் அந்நாளைத் தம் நாட்குறிப்பில் ஆண்டுநிறைவாகப் போற்றி வந்தார்.

வெற்றிடத்தில் ஒரு சோதனை

வூஸ்டர் பல்தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் 1908இல் இளநிலைப் பட்டமும், கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1911இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1913இல் காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தனர். அவரோ படுக்கையிலேயே தம் எண்ணங்களை எழுதி வடிவமைத்தார். 1914இல் அவருக்கு இரு காப்புரிமைகள் கிடைத்தன. ஒன்று, பல அடுக்குகளைக் கொண்ட ஏவூர்திக்கு உரியது. மற்றொன்று, நீர்ம எரிபொருளில் இயங்கும் ஏவூர்திக்கு உரியது.

காற்றில்லா வெளியில் ஏவூர்தி இயங்காது என்று அன்று பலர் எண்ணினர். பின்னால் உள்ள காற்றைத் தள்ளித்தான் அது முன்னேறுகிறது என்பது அவர்களுடைய கருத்து. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதி வேறு விடை தருகிறது. ஏவூர்தி தன்னுள்ளிருந்து வெளியேற்றும் வளிமங்களே அதனை முன்னே தள்ளுகின்றன. அதற்கு வெளிக்காற்று தேவையில்லை. இதனைக் கோடார்டு வாதத்தோடு விடவில்லை. காற்று அகற்றப்பட்ட கலத்துக்குள் சிறு ஏவூர்தி எந்திரத்தை இயக்கி, அதன் உந்துவிசையை அளந்தார். வெற்றிடத்தில் விசை குறையவில்லை. முன்னைவிடச் சற்று மிகுந்தது.

நாளிதழின் ஏளனம்

ஆய்வுச் செலவு அவருடைய ஊதியத்தை விழுங்கியது. 1917இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் 5,000 டாலர் வழங்கியது. தம் ஆய்வு முடிவுகளை அந்நிறுவனத்தின் வழியாக அவர் ஒரு நூலாக வெளியிட்டார். வானின் மிக உயரத்தை எட்டும் முறையைக் கணக்குகளுடன் விளக்கிய அந்நூலின் இறுதியில், ஒளிரும் வெடித்தூளை நிலவுக்கு அனுப்பினால் அதன் ஒளியைத் தொலைநோக்கியில் காணலாம் என்று ஒரு குறிப்பு இருந்தது. செய்தித்தாள்கள் அச்சிறு குறிப்பை மட்டும் பற்றிக்கொண்டன. 1920 சனவரி 13 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் தலையங்கம், வெற்றிடத்தில் ஏவூர்தி செல்லும் என்று நம்பும் இப்பேராசிரியர் உயர்நிலைப் பள்ளி அறிவியலையே அறியாதவர் என்ற பொருளில் எள்ளி நகையாடியது. விதியைச் சரியாக அறிந்திருந்தவர் அவர். தவறாக அறிந்திருந்தது தலையங்கம்.

அந்தக் காயம் ஆறவில்லை. அதன்பின் அவர் செய்தியாளர்களைத் தவிர்த்தார். ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு உழைத்தார்.

வாணத்திலிருந்து நீர்மத்துக்கு

திருவிழாவில் நாம் காணும் வாணம் வெடிமருந்தால் இயங்குவது. தீப்பற்றியபின் அதனைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ இயலாது. மருந்து முழுவதும் எரியும் கலத்துக்குள்ளேயே இருப்பதால், அழுத்தத்தைத் தாங்கும் தடித்த சுவர் வேண்டும்; எடை கூடும். நீர்ம எரிபொருளோ தனிக்கலத்தில் இருந்து, வேண்டிய அளவு மட்டும் எரியறைக்குள் செல்லும். எடைக்கேற்ற ஆற்றலும் மிகுதி. ஆகவே, 1921இல் கோடார்டு நீர்மத்துக்கு மாறினார். பெட்ரோலை எரிபொருளாகவும், அதனை எரிக்க உதவும் நீர்ம ஆக்சிஜனைத் துணையாகவும் கொண்டார். கழியம் 183 பாகை செல்சியசில் கொதிக்கும் ஆக்சிஜனையும் கொழுந்துவிட்டெரியும் தீயையும் சில அடித் தொலைவுக்குள் வைத்து ஆள வேண்டியிருந்தது. குழாய் உறைந்தது, எரியறை உருகியது. ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டு மீண்டும் செய்தார். 1925 டிசம்பரில், தாங்கியில் பொருத்திய எந்திரம் தன் எடையைத் தானே தூக்கியது.

முட்டைக்கோசுத் தோட்டத்தில்

1926 மார்ச் 16. ஆபர்ன் என்னும் ஊரில், எஃபி அத்தை என்று அவர் அழைத்த உறவினரின் பண்ணை. நிலத்தில் பனி படர்ந்திருந்தது. மெல்லிய குழாய்களால் ஆன சட்டத்தில், ஏறத்தாழ 10 அடி உயர ஏவூர்தி நின்றது. எந்திரம் உச்சியிலும் எரிபொருள் கலங்கள் அடியிலும் இருந்தன. உடனிருந்தோர் மூவர்: மனைவி எஸ்தர், உதவியாளர் ஹென்றி சாக்ஸ், பேராசிரியர் பெர்சி ரூப். நீண்ட கழியில் கட்டிய ஊதுவிளக்கால் சாக்ஸ் தீ மூட்டினார்.

தீ சீறியது, ஊர்தி அசையவில்லை. எரிபொருள் எரிந்து எடை குறையக் குறைய, உந்துவிசை எடையை வென்றது. சட்டத்தைவிட்டு மெல்ல எழுந்த ஊர்தி, திடீரென விரைந்து மேலேறி, இடப்புறம் வளைந்து முட்டைக்கோசுத் தோட்டத்தில் வீழ்ந்தது. பறந்த நேரம் இரண்டரை நொடி. உயரம் 41 அடி. தொலைவு 184 அடி. எஸ்தரின் ஒளிப்படக் கருவி ஏழு நொடிகளே ஓடக்கூடியது. ஊர்தி எழும்முன் அது நின்றுவிட்டது. உலகின் முதல் நீர்ம எரிபொருள் ஏவூர்தி பறந்த காட்சியைக் காட்டும் படம் இல்லை. ஊருக்கும் அச்செய்தி தெரியவில்லை.

பிழை கற்பித்தவை

எந்திரம் உச்சியிலிருந்து இழுத்தால் ஊர்தி நிலைகுலையாது என்று கோடார்டு எண்ணியிருந்தார். ஊர்தி சாய்ந்தால் எந்திரமும் உடன் சாயும். ஆகவே அந்த இடமாற்றத்தால் பயனில்லை. இதனை உணர்ந்ததும் எந்திரத்தை அடிப்பகுதிக்குக் கொண்டுவந்தார்.

1929 சூலை 17 அன்று, காற்றழுத்தமானி, வெப்பமானி, ஒளிப்படக்கருவி ஆகியவற்றுடன் ஓர் ஏவூர்தியைச் செலுத்தினார். அதன் பேரொலியைக் கேட்டோர் வானூர்தி விழுந்து எரிவதாக எண்ணிக் காவல்துறைக்கு அறிவித்தனர். அம்மாநிலத்தில் ஏவூர்தி விடத் தடை வந்தது. ஆனால், அச்செய்தியே அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக வானூர்தியில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கை அவரிடம் அழைத்து வந்தது. லிண்ட்பெர்க்கின் பரிந்துரையால் குகன்ஹைம் குடும்பத்தார் பொருளுதவி அளித்தனர்.

1930இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் நகருக்கு அருகிலிருந்த வெட்டவெளிக்குக் கோடார்டு குடிபெயர்ந்தார். சுழலும்போது தன் அச்சுத்திசையை மாற்றாத கைராஸ்கோப்பு என்னும் கருவியைப் பொருத்தி, வெளியேறும் தீப்பிழம்பில் திருப்புத்தகடுகளை அமைத்து, ஊர்தி நேராகச் செல்லச் செய்தார். எஸ்தர் படமெடுத்தார்; வான்குடைகளைத் தைத்தார்; புல்லில் பற்றிய தீயையும் அணைத்தார். 1935இல் ஓர் ஊர்தி 4,800 அடி உயர்ந்தது. 1937இல் மற்றொன்று 8,000 அடியைத் தாண்டியது.

தனிமையின் விலை

ஏளனத்துக்கு அஞ்சிய உள்ளம் நட்பையும் விலக்கியது. தம்முடன் இணைந்து பணியாற்ற விரும்பிய அறிஞர்களிடம் கோடார்டு தம் வரைபடங்களைப் பகிரவில்லை. ஒரு சிறு குழு அனைத்தையும் தானே கண்டறிய வேண்டியிருந்தது. அதே காலத்தில் செருமனியில் பெரும் பொருளும் ஆள்பலமும் கொண்ட குழு முன்னேறியது. 1942இல் அவர்களின் ஏவூர்தி 80 கி.மீ.க்கு மேல் உயர்ந்தது. அவர்களது நோக்கம் போர். வானை அளக்க விரும்பிய கோடார்டு, தம் இறுதி ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படைக்காக வானூர்திகளை உந்தி எழுப்பும் எந்திரங்களைச் செய்தார். 1945 ஆகஸ்டு 10 அன்று தொண்டைப் புற்றுநோயால் மறைந்தார்.

காலம் தந்த விடை

அவர் பெற்ற 214 காப்புரிமைகளில் 131, அவர் மறைந்தபின் எஸ்தரின் முயற்சியால் கிடைத்தவை. 1959இல் மேரிலாந்தில் அமைந்த விண்வெளி ஆய்வு மையம் கோடார்டின் பெயரைத் தாங்கியது. 1969 சூலை 16இல் அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் புறப்பட்டது. மறுநாள், வெற்றிடத்திலும் ஏவூர்தி இயங்கும் என்பது உறுதியாயிற்று என்று அந்நாளிதழ் தன் பழைய பிழைக்கு வருத்தம் தெரிவித்தது. கேட்பதற்குக் கோடார்டு இல்லை. எனினும், வெற்றுக் கலத்துக்குள் உந்துவிசையை அளந்த அன்றே அவர் தம் விடையைப் பெற்றிருந்தார்.

தெரிந்து தெளிவோம்

ஏவூர்தியின் வால்முனை முதலில் குறுகிப் பின்னர் விரியுமாறு அமைக்கப்படுகிறது. நீராவிச் சுழலிகளுக்காக டி லாவல் உருவாக்கிய இவ்வமைப்பைக் கோடார்டு ஏவூர்தியில் பொருத்தினார். அதனால், சாதாரண வாணங்களில் 2 விழுக்காடு அளவில் இருந்த திறன் அவருடைய சோதனைகளில் 63 விழுக்காடுவரை உயர்ந்தது.

கற்பவை கற்றபின்

1. ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டு, அது செல்லும் திசையையும் காற்று வெளியேறும் திசையையும் நோக்குக. நியூட்டனின் மூன்றாம் விதியோடு பொருத்தி வகுப்பில் விளக்குக.

2. 'ஆய்வாளர் தம் முடிவுகளைப் பகிர்வதும் காப்பதும்' – கோடார்டின் வாழ்க்கையை முன்வைத்துக் கலந்துரையாடுக.