கைவிடாத கைகள்

தாயை இழந்த ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் புகட்டி வளர்ப்பது கல்வராயன் மலை மக்களுக்குப் புதிதல்ல. அதுவே யானைக்குட்டியாக இருந்தால்?

தாயின்றித் தவிக்கும் யானைக்குட்டி பிழைப்பது அரிது. பசும்பால் அதன் வயிற்றுக்கு எளிதில் ஒத்துக்கொள்ளாது. இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்து, ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அத்தகைய குட்டிகளை முதுமலை தெப்பக்காடு முகாமில் பாகன்களோடு சேர்ந்து வளர்த்துக் காட்டியவர் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1950களில் பணியைத் தொடங்கியவர். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வழியாக நம்மில் பலர் அறிந்தவர்.

குட்டிகளுக்கு மட்டுமல்ல அவரது பரிவு. 1998-ல், பலரைக் கொன்ற தந்தமில்லா ஆண் யானை ஒன்று பிடிபட்டது. அதன் உடலில் குண்டுக் காயங்கள்! அவர் பொறுமையோடு மருந்திட்டார். முரட்டு யானை சாதுவானது. அவர் பெயராலேயே 'மூர்த்தி' என்று அழைக்கப்பட்டது. 2002-ல் மருத்துவர் மறைந்தார். மூர்த்தி 2024 வரை அந்த முகாமில் வாழ்ந்தது.

இது தேறாது, இது திருந்தாது என்று பிறர் ஒதுக்கிய உயிர்களின் அருகில் அவர் அமர்ந்தார். நம் வீட்டில், நம் தெருவில் அப்படி ஒதுக்கப்பட்டவர் யார்? அவர் அருகில் அமர நமக்கு நேரம் உண்டா? சிந்திப்போம்.