மழைக்கு அடைந்த வீட்டில் பிறந்த கடல் கதை



அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்தக் காலாண்டில் ஓர் எழுத்தாளரின் பிறந்த நாள், நினைவு நாள், அவருடைய புகழ்பெற்ற நூல் வெளியான நாள் மூன்றுமே வருகின்றன. அவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். 1850 நவம்பர் 13 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். நம்மில் பலர் 'புதையல் தீவு' என்ற பெயரில் சிறு வயதில் படித்த 'டிரெஷர் ஐலண்ட்' 1883 நவம்பர் 14 அன்று புத்தகமாக வெளிவந்தது. இன்று நாம் குழந்தைகள் தினம் கொண்டாடும் அதே தேதி! 1894 டிசம்பர் 3 அன்று காலமானபோது அவருக்கு வயது 44 தான்.

மழைக்காலத்தில் பிள்ளைகள் கீழே விளையாடப் போக முடியாமல் ஃபிளாட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள் அல்லவா? அந்த வீடுகளுக்காகவே இவருடைய கதையைச் சொல்ல நினைத்தேன்.

ஸ்டீவன்சன் குடும்பத்தின் தொழில் கலங்கரை விளக்கம் கட்டுவது. தாத்தா ராபர்ட், நடுக்கடல் பாறை மீது பெல் ராக் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர். அப்பா தாமஸும் பெரியப்பாமார்களும் அதே துறைப் பொறியாளர்கள். ஒரே பிள்ளையான ஸ்டீவன்சனும் அதே வழியில் வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் பிறந்ததிலிருந்தே அவருக்கு நெஞ்சு பலவீனம். எடின்பரோவின் குளிர்காலம் முழுக்க இருமலும் காய்ச்சலும்தான். மற்ற பிள்ளைகள் தெருவில் விளையாட, இவர் போர்வை மீது பொம்மைச் சிப்பாய்களை அணிவகுக்க வைத்து விளையாடினார். தூக்கம் வராத இரவுகளில் அலிசன் கன்னிங்ஹாம் என்ற செவிலித்தாய் கதை சொல்லித் தேற்றினார். பிற்காலத்தில் குழந்தைகளுக்காகப் பாடல்கள் எழுதியபோது, அந்த நூலை அவர் அந்த அம்மாளுக்கே காணிக்கை ஆக்கினார்.

கல்லூரியில் பொறியியல் சேர்ந்தார், மனம் ஒட்டவில்லை. 1871 இல் அப்பாவிடம் தனக்கு எழுத்துதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பெரிய ஏமாற்றம். எழுத்தை நம்பிப் பிழைக்க முடியாது, சட்டமாவது படி என்று சமரசம் ஆயிற்று. 1875 இல் வழக்கறிஞராகப் பதிவும் செய்தார். ஆனால் அந்தத் தொழிலைச் செய்ததாகச் சொல்ல முடியாது.

அதற்கு அடுத்த ஆண்டு பிரான்ஸில் ஃபானி ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கப் பெண்மணியைச் சந்தித்தார். ஃபானி அவரைவிடப் பத்து வயது மூத்தவர், ஏற்கெனவே மணமானவர், பிள்ளைகள் உள்ளவர். 1879 இல், பெற்றோரிடம் சொல்லாமல், கையில் சொற்பப் பணத்துடன் கப்பலேறி அமெரிக்கா போனார் ஸ்டீவன்சன். அந்தப் பயணம் அவரைச் சாவின் விளிம்புக்கே கொண்டுபோயிற்று. ஃபானி பார்த்துப் பார்த்துத் தேற்றினார். ஃபானியின் மணமுறிவுக்குப் பின் 1880 இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அப்பாவும் மனமிரங்கி இருவரையும் ஏற்றுக்கொண்டார்.

இப்போது 1881 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துக்கு வாருங்கள். ஸ்காட்லாந்து மலைப் பகுதியில் பிரேமார் என்ற ஊர். விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த ஒரு சிறு வீடு. வெளியே விடாத மழை, குளிர்காற்று. 30 வயது ஸ்டீவன்சன் இருமிக்கொண்டு உள்ளே இருக்கிறார். ஃபானியின் மகன் லாயிட், 13 வயதுப் பையன், பொழுது போகாமல் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறான். ஸ்டீவன்சனும் அவனோடு உட்கார்ந்துவிட்டார். அந்த மேசையில் ஒரு தீவின் வரைபடம் உருவானது. விரிகுடா, குன்று, புதையல் இருக்கும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர்கள் ஏறின. அந்தப் பெயர்களிலிருந்து மனிதர்கள் எழுந்து வந்தார்கள்.

காலையில் ஓர் அத்தியாயம் எழுதுவது, பிறகு வீட்டார் முன்னால் உரக்க வாசிப்பது. இதுதான் அன்றாட வழக்கமாயிற்று. பதினைந்து நாளில் பதினைந்து அத்தியாயம்! கேட்க உட்கார்ந்தவர்களில் அப்பா தாமஸும் ஒருவர். மகனின் எழுத்தை ஒரு காலத்தில் விரும்பாத அந்தப் பொறியாளர், பையனைப் போலவே கதைக்குள் இறங்கிவிட்டார். கதையில் இறந்துபோகும் கடலோடியின் பெட்டிக்குள் என்னென்ன பொருள்கள் இருந்திருக்கும் என்று அவரே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். மகன் அதை அப்படியே சேர்த்துக்கொண்டார். பத்து ஆண்டுக்கு முன் மனம் கசந்துபோன அப்பாவும் மகனும், ஒரு சிறுவனுக்கான கதையில் ஒன்று சேர்ந்தார்கள்.

கதையின் நாயகன் ஜிம் ஹாக்கின்ஸும் சிறுவன்தான். ஆப்பிள் பீப்பாய்க்குள் இருந்தபடி கொள்ளையரின் சதியைக் கேட்கிறான். ஆட்டுத்தோல் போர்த்திய சின்னஞ்சிறு பரிசலில் தனியாகக் கடலில் இறங்குகிறான். அலை அவனை இழுத்துப் போகிறது, அவன் பிழைக்கிறான். ஒற்றைக்கால் கொள்ளையன் லாங் ஜான் சில்வருக்கு முன்மாதிரி, ஸ்டீவன்சனின் நண்பரும் கவிஞருமான ஹென்லி. எலும்பில் காசநோய் வந்து ஒரு காலை இழந்தும் அட்டகாசமாக வாழ்ந்த மனிதர் அவர்.

பாதியில் எழுத்து நின்றுவிட்டது. உடல்நலத்துக்காகச் சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்குப் போன இடத்தில்தான் மீதியை முடித்தார். அங்கேயும் லாயிடோடு தரையில் தகரச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாட்டு. லாயிடின் சிறிய அச்சுப் பொறியில் இருவரும் குட்டிப் புத்தகங்கள்கூட அச்சிட்டார்கள். கதை முதலில் புனைபெயரில் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. பெரிய பரபரப்பு ஏதும் இல்லை. புத்தகமாக வந்த பிறகுதான் பெரியவர்களும் விழுந்து விழுந்து படித்தார்கள். பதிப்பகம் கொடுத்த தொகை 100 பவுண்டு. இதில் ஒரு வேடிக்கை: பதிப்பகத்துக்கு அனுப்பிய வரைபடம் தொலைந்துவிட்டது. கதையை வரிவரியாகப் பார்த்து, அப்பாவின் அலுவலகத்தில் அதைத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று.

1886 இல் 'கிட்நாப்ட்' வந்தது. அதில் 17 வயது டேவிட் பால்ஃபர் கப்பல் உடைந்து எரெய்ட் என்ற தீவில் ஒதுங்கி, பச்சைச் சிப்பிகளைத் தின்று நாளைக் கடத்துகிறான். நீர் வற்றும் நேரத்தில் அக்கரைக்கு நடந்தே போகலாம் என்பது அவனுக்குத் தெரியாது. அது கற்பனைத் தீவு அல்ல. ஸ்டீவன்சன் குடும்பம் ஒரு கலங்கரை விளக்கம் கட்டியபோது கற்களைச் செதுக்கித் தயாரித்த தீவு அது. 1870 இல் இளைஞர் ஸ்டீவன்சன் அங்கே போயிருந்தார். விட்டுவிட்ட குடும்பத் தொழில் கதைக்குக் களமாகக் கைகொடுத்தது.

1887 இல் அப்பா காலமானார். மறு ஆண்டு ஸ்டீவன்சன், 'காஸ்கோ' என்ற பாய்மரக் கப்பலை வாடகைக்கு எடுத்து, வயதான அம்மா, மனைவி, லாயிட் ஆகியோரோடு பசிபிக் கடலில் இறங்கினார். கடற்காற்று அவருக்கு ஒத்துக்கொண்டது. கடைசியில் சமோவா தீவில் நிலம் வாங்கி வீடு கட்டினார். அங்குள்ள மக்கள் அவரைக் கதைசொல்லி என்று பொருள்படும் டுசிடாலா என்ற பெயரால் அழைத்தார்கள். ஓர் அமெரிக்க அதிகாரியின் மகள், தான் கிறிஸ்துமஸ் அன்று பிறந்ததால் தனியாகப் பிறந்த நாளே இல்லை என்று குறைப்பட்டாள். ஸ்டீவன்சன் முறைப்படி பத்திரம் எழுதித் தன் நவம்பர் 13 ஐ அவளுக்குக் கொடுத்துவிட்டார்!

சமோவா உள்நாட்டுச் சண்டையில் தோற்றுச் சிறைப்பட்ட தலைவர்களுக்கு அவர் துணை நின்றார். விடுதலையானதும் அவர்கள் நன்றியாக, 1894 இல் அவர் வீடு வரை சாலை போட்டுக் கொடுத்தார்கள். சில வாரங்களில், ஒரு மாலை நேரம், மனைவிக்குச் சமையலில் உதவிக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுச் சாய்ந்தார். வாழ்நாளெல்லாம் நுரையீரலுக்குப் பயந்தவரின் உயிர் வேறு வழியில் போயிற்று. மக்கள் காட்டை வெட்டி வழி செய்து, அவரைத் தோளில் சுமந்து வேயா மலை உச்சிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும்.

ஆக, நண்பர்களே, 140 ஆண்டுகளாகப் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போகும் அந்தக் கதைக்கு முதலீடு ஒரு தாளும் வண்ணமும், ஒரு பெரியவர் ஒதுக்கிய சில காலைப் பொழுதுகளும்தான். அடுத்த மழை நாளில் கரண்ட் போனால், பிள்ளையோடு மேசையில் உட்கார்ந்து ஒரு தீவை வரைந்து பாருங்கள். தாத்தா பாட்டியையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.