நாற்சந்திப் பாடகர் ராபர்ட் ஜான்சன்

மேனாட்டு ராக் இசையில் பெரும் புகழ் பெற்ற கித்தார் வித்துவான்கள் சிலரை, உமக்கு ஆசான் யார் என்று வினவினால், தாம் பிறக்கு முன்னரே இறந்துபோன ஒரு கறுப்பின இளைஞரின் பெயரைக் கூறுவர். 27-ஆம் வயதில் மாண்டு, 29 பாட்டுகளை மட்டுமே இசைத்தட்டில் விட்டுச் சென்ற ராபர்ட் ஜான்சன் என்பாரே அவர். நள்ளிரவில் நாற்சந்தியொன்றில் பேய்க்குத் தம் ஆன்மாவை விற்று அவர் வித்தை பெற்றார் என்னும் கதை உலகெங்கும் வழங்குகின்றது. கதை வளர வளர மனிதர் மறைந்து போயினார். அம்மனிதரின் சரிதத்தையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பாகத்திலுள்ள மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில், ஹேஸில்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூரில், 1911-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தாயார் ஜூலியா டாட்ஸ். அவ்வம்மையாரின் கணவர் சொந்த நிலமுடையவர். வெள்ளைக்கார நிலக்கிழார்களோடு நேர்ந்த பகையால் உயிர் தப்ப வேண்டி மெம்பிஸ் நகருக்கு ஓடி, ஸ்பென்ஸர் என்று பெயர் மாற்றி வாழ்ந்தார். அவர் பிரிந்திருந்த காலத்தில் நோவா ஜான்சன் என்னும் கூலித் தொழிலாளிக்குப் பிறந்தவரே ராபர்ட். ஆயினும் மெம்பிஸில் ஸ்பென்ஸர் வீட்டில் சில ஆண்டுகள் வளர்ந்து, பள்ளிக்கும் சென்று, பின்னர்த் தாயாரோடும் அவருடைய புதிய கணவரோடும் ராபின்ஸன்வில் என்னும் ஊரையடுத்த பருத்தித் தோட்டமொன்றில் குடியேறினார். தம்மைப் பெற்ற தந்தையின் பெயரை வளர்ந்த பின்னரே அறிந்து ஜான்சன் என்று சூட்டிக்கொண்டார்.

பருத்தித் தோட்ட வாழ்வு எத்தகையது என்பதைச் சிறிது சொல்லல் வேண்டும். நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கறுப்பருடையது. விளைவிற் பங்கு என்பது பெயரளவிலேதான்; ஆண்டிறுதியிற் கணக்குப் பார்த்தால் கடனே மிஞ்சும். அவ்வாழ்வினின்று தப்பும் வழிகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று ப்ளூஸ் என்னும் பாட்டு. சனிக்கிழமை இரவுகளில் கூலியாட்கள் கூடிக் குடித்து ஆடும் கூடங்களில் அது பாடப்பெற்றது. கோயிலுக்குச் செல்லும் பெரியோர் அதனை வெறுத்தனர். இத்தகைய லௌகிகப் பாட்டைப் பாடுவோனைப் பேய்க்கு ஆன்மாவை விற்றவன் என்று அவர்கள் கூறுவது வழக்கம். இவ்வழக்குச் சொல்லை நண்பர்கள் நினைவிற் கொள்க.

ராபர்ட் 1929-இல் வர்ஜீனியா டிராவிஸ் என்னும் இளம் பெண்ணை மணந்தார். மறு ஆண்டில் அப்பெண் பிரசவத்தில் இறந்தாள்; குழந்தையும் பிழைக்கவில்லை. கணவன் லௌகிகப் பாட்டுப் பாடியதற்குத் தெய்வம் அளித்த தண்டனையே இது என்று அவளுடைய உறவினர் கருதினர். பத்தொன்பது வயதும் நிரம்பாத ஒருவன் தலையில் இதனினும் பெரிய பாரத்தை யார் ஏற்ற இயலும்?

அவ்வாண்டில் ஸன் ஹௌஸ் என்னும் பாடகர் ராபின்ஸன்வில்லுக்கு வந்து, வில்லி பிரௌன் என்னும் தோழருடன் கூடங்களில் வாசித்து வந்தார். ராபர்ட் அவ்விடங்களைச் சுற்றித் திரிவார். மௌத் ஆர்கன் ஓரளவு நன்றாக ஊதுவார், கித்தாரோ கைவரவில்லை. பெரியவர்கள் இளைப்பாறும் வேளையில் அவர்களுடைய கருவியை எடுத்து ஒலியெழுப்புவார். கேட்போர் சகியாது அதனைப் பறிக்குமாறு கூச்சலிடுவர். அவமானமுற்ற இளைஞர் ஊரைவிட்டு மறைந்தார். அவர் மீண்டு வந்து வாசித்தபோது, ஸன் ஹௌஸ் திகைத்து நின்றார். பேய்க் கதைக்கு இத்திகைப்பே விதையாயிற்று.

இடைக்காலத்தில் அவர் சென்றது பிறந்த ஊர்ப் பக்கத்துக்கு. தந்தையைத் தேடிச் சென்றவருக்கு ஐக் ஸிம்மர்மன் என்னும் கித்தார் ஆசிரியர் கிடைத்தார். தம் வீட்டிலேயே அவரைத் தங்கவைத்துக் கற்பித்தார் அந்நல்லவர். இருவரும் இரவில் அருகிலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, கல்லறைகளின் மீது அமர்ந்து சாதகம் செய்தனர். அங்கே குறை சொல்வார் ஒருவரும் இலர். பேய் செய்தது என்பதெல்லாம் இம்மனிதர் செய்ததே. நாற்சந்திப் பேரமும் முதலில் ராபர்ட்டைப் பற்றி வழங்கியதன்று. டாமி ஜான்சன் என்னும் வேறொரு பாடகரைப் பற்றி வழங்கியது. பெயரொற்றுமையால் பிற்காலத்தில் இவர்மீது ஏறிற்று.

1936 நவம்பரில் டெக்ஸஸ் மாகாணத்து ஸான் அன்டோனியோ நகரில், ஒரு ஹோட்டல் அறையில், அவர் முதன்முறையாக இசைத்தட்டுக்குப் பாடினார். சுவரை நோக்கித் திரும்பியமர்ந்து வாசித்தார் என்பர். அது கூச்சத்தினால் என்பார் சிலர். சுவரில் மோதி வரும் ஒலி செறிவுடையது என்று அறிந்தே செய்தார் என்பார் சிலர். பின்னவர் கூற்றே எமக்கு உவப்பாகின்றது. ஒரே கித்தாரில் கீழ்த்தந்தியில் தாளநடையும் மேல்தந்தியில் பாட்டுக்கு மறுமொழியும் ஒருங்கே எழுப்பும் திறம் அவருடையது. பிற்காலத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அத்தட்டை முதன்முறை கேட்டபோது, வாசிப்போர் இருவர் என்றே எண்ணினார்.

அந்த நவம்பர் 27-ஆம் நாள் பதிவானதே நாற்சந்திப் பாட்டு. அதிற் பேயும் இல்லை, பேரமும் இல்லை. நாற்சந்தியில் மண்டியிட்டு ஒருவன் கடவுளிடம் இரக்கம் வேண்டுகிறான். வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தப் பார்க்கிறான், அவனை அறிவாரில்லை, எல்லாரும் கடந்து போகின்றனர், கதிரவனோ சாய்கின்றான். அக்காலத்துத் தென்னாட்டில், அயலூரில் இருட்டிய பின் தனியே நிற்கும் கறுப்பன் சிறைப்படவும் கூடும், உயிரிழக்கவும் கூடும். அப்பாட்டிலுள்ள அச்சம் நரகத்தைப் பற்றியதன்று, சாலையைப் பற்றியது. மறு ஆண்டு டல்லஸ் நகரில் பதிவான பாட்டுகளுள் பேயையும் நரக நாயையும் குறித்தவை உண்டு என்பது மெய்யே. ஆயினும் காதற் பிரிவு, ரயில் நிலையம், மோட்டார் கார் என அவர் பாடிய பொருள்கள் பல. உயிரோடிருந்தபோது ஓரளவு விற்பனையானது டெர்ராபிளேன் என்னும் கார் வகையைப் பற்றிய தட்டு ஒன்றே.

1938 ஆகஸ்டு 16-இல் மிஸ்ஸிஸிப்பியின் கிரீன்வுட் நகருக்கருகே அவர் இறந்தார். பொறாமை கொண்ட கணவன் ஒருவன் மதுவில் நஞ்சிட்டான் என்று தோழர்கள் கூறினர். மரணப் பதிவுச் சீட்டில் மருத்துவர் வந்ததாகக் குறிப்பில்லை. அச்செய்தி அறியாத ஜான் ஹாமண்ட் என்னும் இசையன்பர், நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் டிசம்பரில் நிகழ்த்தவிருந்த கச்சேரிக்கு அவரைத் தேடிக்கொண்டிருந்தார். பாடகர் மறைந்தார் என அறிந்தபின், மேடையில் அவருடைய இசைத்தட்டுகள் இரண்டைச் சுழலவிட்டுச் சபையோரைக் கேட்கச் செய்தார்.

பின்னர் இருபதாண்டுக்கு மேல் மௌனம். 1961-இல் கொலம்பியா நிறுவனத்தார் 16 பாட்டுகளைத் தொகுத்து ஒரே தட்டாக வெளியிட்டனர். அது கடல் கடந்து இங்கிலாந்து சென்று, இளைஞர் சிலரின் கைகளிற் சேர்ந்தது. எரிக் கிளாப்டன் 1968-இல் கிரீம் குழுவுடன் நாற்சந்திப் பாட்டை மின் கித்தாரில் முழக்கினார். ரயில் நிலையப் பிரிவுப் பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் 1969-இல் பாடினர். 1990-இல் வெளியான முழுத்தொகுதி பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1994-இல் அமெரிக்க அஞ்சல் துறையினர் அவருக்குத் தபால் தலை வெளியிட்டனர். நிழற்படத்தில் அவர் உதட்டிலிருந்த சிகரெட்டை மட்டும் அழித்துவிட்டனர்!

இச்செல்வம் யாரைச் சேர்வது என்று வழக்கு எழுந்தது. 1931-இல் பிறந்த மகன் ஒருவர் மிஸ்ஸிஸிப்பியிலேயே சரளைக்கல் லாரி ஓட்டிப் பிழைத்து வந்தார். ராபர்ட் மகனைக் காண வீடு தேடி வந்தபோது, பேய்ப்பாட்டுப் பாடுபவனை அண்டவிடக் கூடாதென்று, சமயப் பற்று மிக்க பாட்டனாரும் பாட்டியாரும் பிள்ளையை உள்ளேயே நிறுத்திவிட்டனர். அவர் வாயிலுக்கு வெளியே நின்று, கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டுப் போயினார். 2000-ஆம் ஆண்டில் மிஸ்ஸிஸிப்பி மாகாண உயர்தனி மன்றம் அந்த லாரிக்காரரே சட்டப்படி வாரிசு என்பதை உறுதிசெய்தது. அப்போது அவருக்கு வயது 68. கதவின் வழியே கண்ட அந்த உருவமே தந்தையைப் பற்றி அவருக்கிருந்த நினைவு.