அளவையில் நேர்மை கண்ட எர்ன்ஸ்ட் அபே

கோதையாறு பாறைமீது பரந்து வீழும் திற்பரப்பில், மார்கழி விடியலில் சீசாவிலுள்ள தேங்காய் எண்ணெய் உறைந்து கிடப்பதும், வெயில் ஏறியதும் உருகித் தெளிவதும் நாம் கண்டு பழகிய காட்சிகளாகும். உருகிய பின்னரும் வெப்பம் ஏற ஏற, அவ்வெண்ணெய் ஒளியை வளைக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். அந்த அளவைக் கண்டு எண்ணெயின் தூய்மையை ஆராயும் கருவியே ஒளிவிலகல்மானி. அதனைச் செம்மையுற வடித்துத் தந்தவர் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே ஆவார்.

1840ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் ஐசனாக் நகரில் அபே பிறந்தார். தந்தையார் நூற்பாலையில் மேற்பார்வையாளர். நாள்தோறும் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் நின்றவாறே உழைத்தவர். நண்பகல் உணவு கொண்டு சென்ற சிறுவன், தந்தை இயந்திரத்தருகே நின்றபடியே விரைந்து உண்பதைக் கண்டான். அக்காட்சி அவன் நெஞ்சைவிட்டு அகலவேயில்லை.

ஆலை உரிமையாளரின் உதவியால் கற்று, 1861இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1863இல் ஜெனாவில் ஆசிரியரானார். 1866 முதல் கருவி செய்வோரான கார்ல் ஸைசுடன் இணைந்து பணியாற்றினார்.

ஒளிவிலகல் விதியைப் பாக்தாதில் வாழ்ந்த இப்னு சஹ்ல் 984ஆம் ஆண்டளவிலேயே கண்டிருந்தார். ஆயினும் ஒரு நீர்மத்தின் ஒளிவிலகல் எண்ணை விரைந்து அளக்க எளிய கருவி இல்லை. அபே, இரு கண்ணாடி முப்பட்டகங்களுக்கிடையே சில துளி நீர்மத்தை விட்டு, ஒளியும் நிழலும் பிரியும் எல்லைக்கோட்டைக் கொண்டே அவ்வெண்ணைப் படிக்க வழி கண்டார். 1874இல் அதனை விளக்கி நூல் வெளியிட்டார். பின்னாளில் ஸைஸ் ஆலையார் முப்பட்டகங்களைச் சுற்றி வெந்நீர் ஓடும் உறையும் வெப்பமானியும் அமைத்தனர்.

அவ்வுறையின் தேவை யாதெனின், தூய நீரின் ஒளிவிலகல் எண் 20 பாகை செல்சியசில் 1.3330, 30 பாகையில் ஏறத்தாழ 1.3320. அதே பத்துப் பாகைக்கு எண்ணெயின் எண்ணோ ஏறத்தாழ நான்கு மடங்கு மாறும். எனவே, சர்க்கரைக் கரைசலுக்கென வெப்பத் திருத்தம் பொருத்தப்பெற்ற கைக்கருவி எண்ணெய்க்குப் பொருந்தாது. தூய நீரால் கருவியைச் சரிபார்த்தபின், அளக்கும் பொருளுக்குரிய திருத்தத்தையே கையாளல் வேண்டும்.

தேங்காய் எண்ணெய்க்கு 40 பாகையில் 1.448 முதல் 1.450 வரை என வரம்பு வகுத்துள்ளனர். 1.449 உடைய தூய எண்ணெயை 30 பாகையில் அளந்தால் 1.452ஐத் தாண்டும். திருத்தாமல் தீர்ப்புரைத்தால், கலப்படம் அறியாத செக்குக்காரர் பழி சுமப்பார். நிலையறியாது அளத்தல் பிழை மட்டுமன்று, அநீதியுமாகும்.

மனிதரின் உழைப்பை அளக்கும்போதும் அபே இந்நேர்மையைக் கைவிட்டாரில்லை. ஸைஸ் 1888இல் மறைந்தபின், அடுத்த ஆண்டே அவர் பெயரால் அறநிறுவனம் ஒன்றை நிறுவி, தமக்குரிய பங்குகளையும் அதற்கே அளித்தார். பணியமர்த்தலில் பிறப்பு, சமயம், கட்சி பார்த்தலாகாது என 1896இல் விதி செய்தார். 1900இல் வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். அதன் முன்னும் பின்னுமான ஓராண்டு உற்பத்தியைக் கணக்கிட்டு ஒப்பிட்டபோது, அது குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. களைத்த உடலின் உழைப்பை நேரம் ஒன்றை மட்டும் கொண்டு அளத்தலாகாது என்பது அதனால் தெளிவாயிற்று.

1905 சனவரி 14இல் ஜெனாவில் அபே மறைந்தார். ஆய்வகத்தில் அவர் பெயர் தாங்கிய கருவியின்முன் நிற்கும் நம் மாணவர்கள், எண்ணைக் குறிக்குமுன் வெப்பமானியை ஒருமுறை நோக்குவார்களாக! நாளை பிறர் உழைப்பை மதிப்பிடும் இடத்தில் அமரும்போதும், அவர்கள் நின்ற நிலையை முதலில் நோக்குவார்களாக!