கற்கண்டு தந்த முருகன்... ஏஐ-யால் ஒரு முத்துசுவாமி தீட்சிதர் ஆக முடியுமா?

ஒரு வரி டைப் பண்ணினா போதும், ஏஐ அடுத்த நிமிஷமே பாட்டு போட்டுத் தந்துடுது. அப்போ படைப்பாற்றல்னா என்னதான்? திருத்தணி மலையில் பாடத் தொடங்கிய ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

யார் இவர்?

கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவர் முத்துசுவாமி தீட்சிதர். 1770-களில் திருவாரூரில் பிறந்தார். அப்பா ராமசுவாமி தீட்சிதரும் பெரிய இசை மேதை. ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர். அதே ராகத்தில்தான் மகனின் 'வாதாபி கணபதிம்' பிறந்தது.

கற்கண்டு கதை

திருத்தணி கோயிலில் ஒரு முதியவர் தீட்சிதரின் வாயில் கற்கண்டு போட்டுவிட்டு மறைந்தார், வந்தவர் முருகன்தான் என்பது செவிவழிக் கதை. உடனே பிறந்ததாம் முதல் கிருதி, மாயாமாளவகௌளை ராகத்தில். அன்று முதல் 'குருகுஹ' என்பதே அவரது முத்திரை.

ஆனா கற்கண்டுக்கு முன்னாடி என்ன நடந்தது?

அப்பாவிடம் பாடம். பிறகு சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் பயணம். அங்கே பல ஆண்டுகள் தங்கியபோது இந்துஸ்தானி இசையும் காதில் விழுந்தது. சென்னைப் பக்கம் மணலியில் குடும்பம் வாழ்ந்த காலத்தில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியமும் பழக்கமானது. பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டுக்கே சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதியிருக்கிறார்! இப்படிப்பட்ட பாடல்களைத்தான் 'நோட்டுஸ்வரம்' என்கிறோம்.

அப்போ ஏஐ-யும் இதைத்தானே செய்யுது?

ஓரளவுக்கு ஆமாம். ஏற்கெனவே இருப்பதைக் கற்றுக்கொண்டு, கலந்து, புதுசா தருவதுதான் அதன் வேலை. தீட்சிதர் பின்பற்றிய வேங்கடமகியின் 72 மேளங்களுமே ஒரு கணக்குதான். கீழ்ப் பாதிக்கு 6 வாய்ப்பு, மத்திமத்துக்கு 2, மேல் பாதிக்கு 6. பெருக்கினால் 72. கம்ப்யூட்டர் இதை நொடியில் பட்டியல் போட்டுவிடும்.

பட்டியல் பாட்டாகாது. எந்த ஸ்வரத்தில் நிற்கணும், எதை அசைக்கணும், எந்தத் தெய்வத்துக்கு எந்த ராகம் என்று முடிவெடுத்தது தீட்சிதரின் காதும் மனசும். ஏஐ-யிடம் ஒருத்தர் கேட்டால்தான் பாட்டு வரும். இவரிடம் யாரும் கேட்கவில்லை. ஊர் ஊராகப் போய், சந்நிதியில் நின்று, பாடாமல் இருக்க முடியாமல் பாடினார்.

1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் மறைந்தார். கற்கண்டு கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனா அந்த இனிப்பை ருசிக்க ஒரு நாக்கு வேணும், அது இன்னும் எந்த மெஷினுக்கும் முளைக்கல.