சக்கர நாற்காலியில் வந்த டாக்டர்

சென்ற ஆண்டு எனக்கு வலது தோள்பட்டை இறுகிப் போனது. சட்டை மாட்டக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. திருப்பூரில் ஓர் இயன்முறை சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பனியன் கம்பெனி டெய்லர். ஓவர்லாக் மெஷின் முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்து அவருக்குக் கழுத்து வலி. அங்கே உதவியாளராக இருந்த ஒரு பெண், என் விரல்களைச் சுவரில் நகர்த்தி நகர்த்தி மேலே ஏறச் சொல்வார். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அடுத்த வாரம் அதற்கு மேலே இன்னொரு கோடு. முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுக்கு மார்க் போட்ட எனக்கு, அந்தப் பெண் போட்ட கோடுதான் பெரிய மார்க்காகத் தெரிந்தது!

அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டர் மேரி வர்கீஸ் என் நினைவுக்கு வருவார். படுத்த படுக்கையானவர்களை எழுப்பி உட்கார வைக்கும் இந்த வேலைக்கு நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் தனி இடம் வாங்கிக் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர்.

மேரி 1925-ம் ஆண்டு கொச்சியில் பிறந்தார். டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்தார். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரியிலிருந்து வளர்ந்த கல்லூரி அது. படிப்பை முடித்த மேரி, பெண்களுக்கான மருத்துவத்தில் சிறந்து விளங்க வேண்டும் என்று அங்கேயே வேலை செய்தார்.

1954 ஜனவரி மாதக் கடைசி. இளம் டாக்டர்கள் சிலர் ஒரு வேனில் உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். மேரியும் அதில் இருந்தார். வழியில் வண்டி கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. மேரியின் முகத்தில் ஆழமான காயம். அதைவிடப் பெரிய அடி முதுகெலும்பில். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை.

காலில் அடிபடாமல் கால் எப்படிச் செயலிழக்கும் என்று கேட்பீர்கள். பனியன் கம்பெனியில் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குக் கரண்ட் கொண்டு வரும் ஒயர் அறுந்துவிட்டது என்று வையுங்கள். மெஷின் ஓடுமா? முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம்தான் அந்த ஒயர். மூளையின் கட்டளை அது வழியாகத்தான் காலுக்குப் போக வேண்டும். அறுந்த ஒயரை மாற்றலாம். தண்டுவடத்தை மாற்ற வழியில்லை.

உணர்ச்சி இல்லாத உடம்புக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் தோலில் புண் வந்துவிடும். நமக்கென்றால் உறுத்தும், புரண்டு படுப்போம். அவர்களுக்கு உறுத்தாதே! அதனால் ராத்திரி பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கை, கால் மூட்டுகள் இறுகிப் போகாமல் தினமும் மடக்கி நீட்டிவிட வேண்டும். நோயாளிகளுக்கு உதவி செய்தே பழகிய மேரி, இப்போது எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்தார். இனி நம்மால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி அவரை வாட்டியது.

அவருக்குச் சிகிச்சை செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ் பெற்றவர். மேரியிடம் அவர் ஒரு யோசனை சொன்னார். வயிற்றில் ஆபரேஷன் செய்ய டாக்டர் நிற்க வேண்டும். கைக்கு ஆபரேஷன் செய்ய உட்கார்ந்தால் போதும். மேரியின் கைகள்தான் நன்றாக இருக்கின்றனவே! நம்ப முடியாமல் தயங்கிய மேரி, பிறகு துணிந்து கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் ஆபரேஷன் அறைக்குள் போனார்.

அந்த ஆபரேஷன் வேடிக்கையானது. நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலோடு இணைத்துத் தைப்பார்கள். தையல் ஆறினாலும் விரல் உடனே சொன்னபடி கேட்காது. நேற்றுவரை ஒரு வேலை செய்த தசை இன்று வேறு வேலை பழக வேண்டுமே! இங்கேதான் இயன்முறை சிகிச்சையாளர்களின் பொறுமை தேவை. மடக்கு, நீட்டு, பிடி, விடு என்று வாரக் கணக்கில் பழக்குவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் டாக்டரின் தையல் வீண். உட்கார்ந்தபடியே தங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரைக் கண்ட தொழுநோயாளிகள், தங்கள் நோயை மறந்து அவரையே பார்த்தார்களாம்.

அதோடு மேரி நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய்த் தானும் பயிற்சி எடுத்துக்கொண்டார். பிறகு அமெரிக்காவில் நியூயார்க். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களை மீண்டும் வாழப் பழக்கியவர் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க். அவர் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். நாற்காலியில் இருந்தபடி, பாஷையும் பழக்கமும் வேறான ஊரில் படிப்பது எவ்வளவு சிரமம் என்று நினைத்துப் பாருங்கள். சக்கர நாற்காலிக்கு ஒரு படிக்கட்டுகூட மலைதான்.

திரும்பி வந்த மேரி, 1963-ல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-ல் வேலூருக்கு அருகே பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் எழுந்தது. மரத்திலிருந்து விழுந்தவர்கள், விபத்தில் சிக்கியவர்கள் என்று பலர் அங்கே வந்தார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்வது, தானே குளிப்பது என்று எல்லாமே பாடம்தான். நியூயார்க்கில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே இங்கே செய்ய முடியாது. நம் கிராமத்து வீட்டில் வாசற்படி உயரம், சமையல் தரையில், கிணறு தூரத்தில். அதற்கேற்ற வழிகளைத் தேட வேண்டியிருந்தது.

புதிதாக அடிபட்டு வந்தவர்களிடம், இனி நடக்க முடியாது என்ற உண்மையைச் சொல்வது எந்த டாக்டருக்கும் கஷ்டமான வேலை. மேரி சொல்லும்போது நோயாளிக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கும். சொல்பவரும் நாற்காலியில்தானே இருக்கிறார்!

1972-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ல் அவர் காலமானார். பாகாயத்தில் பயிற்சி பெற்று வீடு திரும்பியவர்கள், ரீஹேப் மேளா என்ற விழாவுக்காக மறுபடி அங்கே கூடுவது வழக்கம். டாக்டர்கள் அவர்களைப் பரிசோதிப்பார்கள். பிறகு மைதானத்தில் விளையாட்டுகள் களைகட்டும்.