24 வயதில் லைசென்சு. 33 வயதில் உலக சாம்பியன்!

கார் பந்தயத்தில் 2 முறை உலக சாம்பியன் ஆன கிரகாம் ஹில், 24 வயதில்தான் டிரைவிங் லைசென்சு எடுத்தார் என்றால் நம்ப முடிகிறதா?

1929-ல் லண்டனில் பிறந்தவர். முதலில் வாங்கியது ஓட்டை கார். பிரேக் சரியாகப் பிடிக்காது. எதிரே என்ன வரும் என்று முன்கூட்டியே கணித்து ஓட்டினால்தான் தப்பலாம். அதுவே அவருக்குப் பாடம் ஆயிற்று.

1 பவுனுக்கு 4 சுற்று

பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் பந்தயப் பயிற்சி தருவதாக ஒரு விளம்பரம் வந்தது. ஒரு சுற்றுக்கு 5 ஷில்லிங். 1 பவுன் கொடுத்து 4 சுற்று ஓட்டினார். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது! மேலும் ஓட்டக் காசு இல்லை. பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக் வேலை பார்த்து, அதற்குப் பதிலாக ஓட்டினார்.

1962, 1968-ல் உலக சாம்பியன். மொனாக்கோவில் 5 வெற்றி. 1966-ல் இண்டியானாபோலிஸ், 1972-ல் லெ மான் பந்தயத்திலும் ஜெயித்தார். 1969-ல் அமெரிக்கப் பந்தயத்தில் 2 கால்களும் முறிந்தன. அடுத்த ஆண்டே மீண்டும் களத்தில் குதித்தார்!

பனிமூட்டத்தில் பலி

பந்தயத்தில் தப்பியவரை விமானம் கொன்றது. 1975 நவம்பர் 29 இரவு, பிரான்சில் இருந்து அவரே ஓட்டி வந்த விமானம் லண்டன் அருகே பனிமூட்டத்தில் நொறுங்கியது. அதில் இருந்த 6 பேரும் பலி.

அப்போது மகன் டேமனுக்கு வயது 15. அவரும் 1996-ல் உலக சாம்பியன் ஆனார்.